இருபத்தெட்டு டெசிபல்

அவருடைய வேலையே சத்தத்தை அளப்பதுதான். பட்டறை, அச்சகம், மர மில் என்று எதன்மேல் புகார் வந்தாலும், வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஜீப்பில் டெசிபல் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்பார். எண் வரம்பைத் தாண்டினால் நோட்டீஸ், தாண்டாவிட்டால் கையெழுத்து. பத்தொன்பது வருடமாக இதே வேலை. அலுவலகத்தில் 'சத்தம் சார்' என்றால்தான் அவரைத் தெரியும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதருக்கு அப்படியொரு பெயர் வாய்த்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமை உண்டு.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவுக்கே டீச்சர். பார்வையற்றவர்களுக்கான ஒலிநூலகம் ஒன்றுக்குப் புத்தகங்களை வாசித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை, மேசைமேல் மைக், கீழே கம்ப்யூட்டர் பெட்டி. அவருடைய ஸ்டூடியோ அவ்வளவுதான்.

ஒருநாள் நூலகப் பொறுப்பாளர் போன் செய்தார்.

"டீச்சர், வாசிப்பு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பின்னாடி 'உய்ங்'னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. புத்தகம் கேக்கறவங்க 'டீச்சர் ஏதாவது ஃபேக்டரியில உட்கார்ந்து படிக்கிறாங்களா'ன்னு கேக்கறாங்க."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்ச் சத்தத்தையெல்லாம் அடக்குகிறவர் வீட்டின் மேலேயே புகார் என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? கையைத் துடைத்துக்கொண்டு போய் மீட்டரை எடுத்துவந்து மைக் அருகே பிடித்தார். நாற்பத்து மூன்று டெசிபல்.

"பெட்டிக்குள்ள இருக்கிற ஃபேன்தான். நீ கவலைப்படாதே. ஒரு வாரத்துல முடிச்சிடறேன்."

"உள்ள தூசி தட்டினா சரியாயிடாதாங்க?"

"இது தூசி விஷயம் இல்லம்மா. இது ஒலியியல்."

அந்த ஒரு வாரம் ஏழு வாரமானது. தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் கருவி ஒன்று இருப்பதாகப் படித்தார். தண்ணீர் ஓட பம்பு வேண்டும், பம்பு ஓடினால் சத்தம் வரும் என்று அதைத் தள்ளினார். ஃபேனே இல்லாமல் வெறும் உலோகத் தகடுகளால் குளிரவைக்கும் வகையையும் பார்த்தார். அது ஒரு செங்கல் சூளையின் மாதிரி வடிவம்போல இருந்தது, மேசைக்கடியில் நுழையாது. தாள் தாளாகக் கட்டம் போட்டு, எண்பத்தாறு ஃபேன்களின் டெசிபலைச் சிவப்பு மையில் எழுதினார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இந்த மனுஷன் இவ்வளவு விசாரிக்கவில்லை என்றார் டீச்சர்.

கடைசியில் பட்டியலிலேயே மிகக் குறைந்த எண் உள்ள ஃபேனைக் குறித்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடையை நடத்தும் அம்மாள் காதில் பென்சிலைச் செருகியபடி சீட்டைப் படித்துப் பார்த்தாள்.

"சத்தம் கம்மிதான் சார், இல்லேங்கல. ஆனா இதோட பேரிங் சுமார். எத்தனை நாள் ஓடும்னு கேட்டா நான் கையை விரிச்சிடுவேன். கொஞ்சம் பெரிய ஃபேனா, மெதுவா சுத்தற மாதிரி, பேரிங் நல்லதா ஒண்ணு போட்டுக்கோங்க. வருஷக்கணக்குல திரும்பிப் பாக்க வேணாம்."

"அது எத்தனை டெசிபல்?"

"இதைவிட ரெண்டு கூட வரும்."

"ரெண்டா!" என்றார் சத்தம் சார், வீட்டுக்குள் ரெண்டு பாம்பு நுழைந்துவிட்டதாகச் சொன்னதுபோல.

குறித்துக்கொண்டு போன ஃபேனையே வாங்கி மாட்டினார். முப்பத்தாறு. ஃபேனின் வேகத்தைக் குறைத்தார். முப்பத்து நான்கு. பெட்டிக்குள் நுரைப்பஞ்சு ஒட்டி, காற்று வரும் ஓட்டைகளில் பாதியை அடைத்தார். முப்பத்து மூன்று. மேலும் வேகத்தைக் குறைத்தபோது, ஃபேன் நின்றுவிடும் அபாயம் இருப்பதாகக் கம்ப்யூட்டர் 'பீப் பீப்' என்று கத்தியது. அதுவும் சத்தம்தானே? எச்சரிக்கை ஒலியையும் அணைத்துவிட்டார். முப்பத்தொன்று.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதுபோல, ஃபேன் அடங்க அடங்க வேறு சத்தங்கள் காதில் விழ ஆரம்பித்தன. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். டீச்சர் வாசிக்கும் நேரமெல்லாம் ஃபிரிட்ஜை நிறுத்தினார். பால் இரண்டு தடவை திரிந்தது. அந்த வாரப் பதிவும் திரும்பி வந்தது.

"ஃபேன் சத்தம் போயிடுச்சு டீச்சர்," என்றார் நூலகப் பொறுப்பாளர். "ஆனா கதாநாயகி அழற இடத்துல ஒரு ஆம்பளைக் குரல் 'முப்பத்தொண்ணு'ன்னு மெதுவா சொல்லுது."

அன்றிலிருந்து சத்தம் சார் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதென்று ஒப்பந்தமானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, டீச்சர் நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தார். பிரிந்துபோன அக்காவும் தங்கையும் சந்திக்கிற இடம். நாற்பது நிமிடமாக நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. மூச்சு வாங்க அவர் ஒரு கணம் நிறுத்தியபோது, கதவோரம் நின்ற சத்தம் சார் மீட்டரைப் பார்த்தார். இருபத்தெட்டு. கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தார். இருபத்தெட்டேதான்! நாட்டில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படி இருந்திருக்காது. வாயைத் திறக்கக் கூடாது என்பதால் மீட்டரைத் தலைக்குமேல் தூக்கி, வெற்றிக் கோப்பையைக் காட்டுவதுபோல மனைவிக்குக் காட்டினார். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நொடியில் திரை கறுத்தது.

அத்தியாயம் போயிற்று. பாதியில் சேமிக்கும் வழக்கம் டீச்சருக்குக் கிடையாது.

சத்தம் சார் குனிந்து பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அப்படிக் கொதித்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஃபேன்..." என்றார் அவர். "ஃபேன் ஓடலை."

"எப்பத்துல இருந்து?"

அவர் மீட்டரைப் பார்த்தார். டீச்சர் திட்டவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் ஃபிரிட்ஜைப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று சத்தம் சாருக்குத் தோன்றியது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் தள்ளிப் பார்த்தாள். கால் சுற்று நகர்ந்து நின்றது.

"உலகத்துலயே சத்தம் இல்லாத ஃபேன் செத்த ஃபேன்தான் சார். நீங்க அதைத்தான் கேட்டீங்க, கிடைச்சிடுச்சு."

சத்தம் சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எண் எதையும் கேட்கவில்லை. அவள் பஞ்சைப் பிய்த்தெறிந்தாள், ஓட்டைகளைத் திறந்தாள், அந்தப் பெரிய ஃபேனை மாட்டி, எச்சரிக்கை ஒலியையும் திரும்ப வைத்தாள். பெட்டிக்குள் படிந்திருந்த தூசியை ஊதித் தள்ளினாள். முதலிலேயே இதைச் செய்திருந்தால் முக்கால்வாசி சத்தம் போயிருக்கும் என்றாள். அதை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

வீட்டில் மீட்டர் முப்பத்து மூன்று காட்டியது. டீச்சர் கடைசி அத்தியாயத்தை மறுபடி வாசித்தார். முன்னைவிட இதுவே உருக்கமாக இருந்தது. அதை அவரும் கணவரிடம் சொல்லவில்லை. நூலகம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது.

அடுத்த புதன்கிழமை ஒரு மர மில்லின் மேல் புகார் வந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் மூன்றாவது முறையாக எழுதியிருந்தார்கள். முந்தைய இரண்டு முறையும் சத்தம் சார்தான் போய் அளந்து, எண் வரம்புக்குள் இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டு வந்திருந்தார். இந்த முறையும் மில் முதலாளி நாற்காலி போட்டார். மீட்டர் ஐம்பத்திரண்டு காட்டியது, வரம்புக்குள்தான். சத்தம் சார் பேனா மூடியைக் கழற்றினார்.

செத்த ஃபேன் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு எதையும் எழுதாமல் கொட்டகையின் பின்பக்கம் நடந்தார். முதலாளி பின்னாலேயே ஓடிவந்தார். பெரிய ரம்பத்தின் மோட்டார்மேல் சத்தம் சார் உள்ளங்கையை வைத்தார். நல்ல சூடு. பெல்ட் அசையாமல் கிடந்தது.

"இது ஓடலையே?"

"நீங்க வர்ற அன்னிக்கு ஓட்டறதில்ல சார்." முதலாளியின் முகத்தில் கள்ளமே இல்லை. "நீங்க நிம்மதியா அளக்கணும்ல? ஒரு மரியாதைதான்."

"எத்தனை வருஷமா இந்த மரியாதை?"

"நாங்க மட்டும் இல்ல சார். பட்டறைக்காரங்க, அச்சகத்துக்காரங்க எல்லாருமே அப்படித்தான். நீங்க வர ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

சத்தம் சாருக்குக் காது அடைத்தது. பத்தொன்பது வருடம் ஊர் ஊராகப் போய், நிறுத்திவைத்த இயந்திரங்களை அளந்து, ஒழுங்காக இருப்பதாக நற்சான்று எழுதிக்கொடுத்திருக்கிறார். போன வருடம் அதற்காக அலுவலகத்தில் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

"போடுங்க," என்றார்.

"சார், இப்ப எதுக்கு..."

"ரம்பத்தைப் போடுங்கன்னேன்!"

அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஓர் ஆள் பயந்துபோய் ஸ்விட்சைத் தட்டினான். கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. மீட்டரில் தொண்ணூற்றேழு. அதைப் பெரிதாக, கட்டம் போட்டு எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் நடந்ததைச் சொன்னபோது டீச்சர் சிரிக்கவில்லை.

"அப்ப அந்தத் தெருக்காரங்க இத்தனை நாளும் சொன்னது நிஜம்தானா?"

"நிஜம்தான்."

"நாளைக்கு எங்க போறீங்க?"

"அச்சகம். சொல்லாம போறேன். ஜீப்பை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்தே போலாம்னு இருக்கேன்."

"அப்ப பழைய செருப்பைப் போட்டுக்கோங்க," என்றார் டீச்சர். "புதுசு ரொம்பக் கிறீச்சிடுது."