அத்தா தொடாத கல்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஜீயபுரத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து எங்கள் வாழைத் தோட்டத்துக்குப் போய் ஒரு கல்லைத் தேடுவது நான்கு நாட்களாக என் வேலையாகிவிட்டது. எழுபத்து நான்கு வயது மனிதன் அரிவாளோடு புதருக்குள் குனிந்து நிற்பது பார்க்க நன்றாக இருக்காது. அது எனக்கும் தெரியும்.

ஆனால் பக்கத்துத் தோட்டக்காரன் அழகிரி டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டான். "எல்லைக்கல் எங்க இருக்கும்? ஜெகபர் மாமாவோட அத்தா அப்பவே புடுங்கிப் போட்டிருப்பாரு." அளந்து தரச் சொல்லி மனுவும் கொடுத்துவிட்டான். நாளைக் காலை சர்வேயர் வருகிறார். கல் இல்லையென்றால் அவன் சொன்னதுதான் ஊருக்கு உண்மை. என்னைப் பெற்ற அத்தா இறந்து முப்பது வருடம் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வரப்புத் தகராறு வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கை காட்டிய இடத்தை இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும். அவரைப் பற்றி இப்படி ஒரு பேச்சை நான் உயிரோடு இருக்கும்போது விட முடியாது.

அத்தாவின் பெட்டியில், நிலத்தை அளந்து வரைந்த பழைய புலப்படம் கிடைத்தது. வாய்க்கால் ஓரத்துக் கல்லிலிருந்து தெற்கே அடுத்த கல்லுக்கு 212 என்று போட்டிருந்தது. டேப் பிடித்து 212 அடி அளந்து, அங்கே வரப்பையும் அழகிரி பக்கத்துக் காட்டாமணக்கையும் வெட்டித் தள்ளினேன். கிடைத்தது ஒரு யூரியா சாக்கும் ஒரு பாம்புச் சட்டையும்.

அழகிரி வரப்பில் குந்தியிருந்தான். "நாலு நாளா என் பக்கத்தைச் சுத்தம் பண்ணித் தர்றீங்க மாமா. கூலி கேட்டுடாதீங்க."

"உன் வாயைச் சுத்தம் பண்ணத்தான் வந்திருக்கேன்."

சிரித்துக்கொண்டே படத்தை வாங்கிப் பார்த்தான். "ஐயோ மாமா, இது அடி இல்லை, லிங்க்ஸு. பழைய படமெல்லாம் சங்கிலிக் கணக்கு. அடியில நூத்தி நாப்பதுதான் வரும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க படத்தைக் காட்டினாத்தானே!"

நான்கு நாட்கள் வீண். அவன் எதிரிலேயே மறுபடி முதலிலிருந்து அளந்தேன். நூற்று நாற்பது அடியில் வரப்பைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தேன். இல்லை. அவன் பக்கம் வெட்டினேன். இல்லை. எங்கள் பக்கம் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அலுத்துப்போய் கடப்பாரையை எங்கள் வாழைக்குள் வீசினேன். சருகுக்கு அடியில் ணங் என்றது.

தோட்டத்துக்குள் போய்ச் சருகை விலக்கினேன். கல்தான். தலையில் சர்வே அம்புக்குறி தெளிவாக இருந்தது. நட்ட நாளிலிருந்து யாரும் அசைக்காத கல்.

வரப்பு அதற்கு நான்கு அடி தள்ளி, அழகிரி பக்கம் கிடந்தது. கல்லுக்கும் வரப்புக்கும் நடுவில் எங்கள் வாழை ஒரு வரிசை, குலை தள்ளி நின்றது. வாய்க்கால் கல்லிலிருந்து நேராக வர வேண்டிய வரப்பு, போகப் போக அழகிரி நிலத்துக்குள் சாய்ந்திருந்தது. அந்த வரப்பை அத்தா போட்டபோது மண் சுமந்தவன் நான்தான்.

"கிடைச்சுதா மாமா?"

கையில் சருகு இருந்தது. போட்டு மூடிவிடலாம்.

"இருக்கு. வந்து பாரு."

வந்தான். கல்லைப் பார்த்தான், வரப்பைப் பார்த்தான்.

"எங்க அத்தா கல்லைத் தொடலை," என்றேன். "வரப்பைத்தான் தொட்டிருக்கார்."

"மூடிடுங்க மாமா. மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். பெரியவர் பேரு எதுக்குக் கெடணும்?"

டீக்கடையில் அவன் பேசியபோது கூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.

"உன் தயவுல எங்க அத்தா பேரு நிக்க வேணாம். மண்வெட்டி எடுத்துட்டு வா. சர்வேயர் சொல்லித்தான் நகத்தினோம்னு இருக்கக் கூடாது."

கொண்டுவந்தான். அவனை வெட்ட விடவில்லை. கல்லுக்கு நேராக டேப்பை நீட்டிப் பிடிக்க மட்டும் விட்டேன். வரப்பு மண்ணை வெட்டி எங்கள் பக்கம் போட ஆரம்பித்தேன். பத்து வெட்டுக்கு ஒருமுறை நிமிர வேண்டியிருந்தது.

புல்லுக்கட்டோடு போன காளியாயி நின்றாள். "என்ன ராவுத்தரே, வரப்பை நகத்துறீங்களா? அப்பனாட்டமே!"

அழகிரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையைக் காட்டி அவனை அடக்கினேன்.

"ஆமா," என்றேன். "அவர் நகத்தினதைத்தான்."