ராணி என்ன செய்தாள்

உள்ளூர் வானொலியில் காலைதோறும் நீதிக்கதை வாசிக்கிறவரை ஊரே ‘நீதிமான்’ என்றுதான் கூப்பிடும். சரித்திரமோ புராணமோ கட்டுக்கதையோ, எது கையில் கிடைத்தாலும் கடைசியில் “இதிலிருந்து நாம் அறிவது” என்று ஒரு வரி சொல்லாமல் விடமாட்டார். பஸ் அட்டவணையைக் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு நீதி எடுப்பார் என்று நிலையத்தில் கிண்டலடிப்பார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் பலர் அதை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் நிறுத்தவில்லை. ஒரே மகன் பைக்கில் பறந்து போய் ஒரு பெரியவர் மேல் மோதி, அவர் உயிர் போனது தெரிந்தும் ஓடிவந்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டான். அவன் கையைப் பிடித்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது இவரேதான். ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அடுத்த வருஷம் சிறையில் காய்ச்சல் கண்டு மகன் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று அந்த மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

இந்த லட்சணத்தில்தான் நிலைய மேலாளர் அந்தக் கதையை நீட்டினார். பஞ்ச காலத்தில் களஞ்சியத்தை உடைப்பவனுக்கு மரணம் என்று ஒரு ராஜா சட்டம் போடுகிறான். உடைத்தவன் அவன் மகன். ராஜா கண் கலங்காமல் தீர்ப்புச் சொல்கிறான். இதைப் படிக்க உங்களைவிட யாருக்கு அருகதை இருக்கிறது என்றார் மேலாளர். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறோம் என்று அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை. மெச்சுவதாகத்தான் நினைத்தார்.

மறுநாள் காலை, நேரடி ஒலிபரப்பு. நீதிமான் குரல் பிசகாமல் வாசித்தார். தீர்ப்பு முடிந்து, “இதிலிருந்து நாம் அறிவது” என்ற இடத்தில் நின்றுவிட்டார். தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“அந்த ராஜாவுக்கு ஒரு ராணி இருந்திருப்பா. அவ என்ன பண்ணினாள்னு இதுல ஒரு வரிகூட இல்லை. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.”

மேலாளர் பதறிப்போய்ப் பாட்டைப் போடச் சொன்னார். நீதிமான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார். வீட்டில் கேட்கத் துணியாததை ஊர் முழுக்கக் கேட்கும்படி கேட்டாயிற்று. அவள் ரேடியோவைப் போட்டிருப்பாளா, மாட்டாளா?

போட்டிருந்தாள். சமையலறையில் அந்தப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ரேடியோவை நிறுத்தினாள்.

“நீங்க பண்ணது தப்புன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை” என்றாள்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் தவித்த தவிப்புக்கு இந்த ஒரு பேச்சு போதும் என்றிருந்தது.

அவள் இன்னும் முடிக்கவில்லை.

“ராஜா தப்புப் பண்ணியிருந்தா, ராணி என்னிக்காவது மன்னிச்சிருப்பா. அவர் சரியாத்தானே பண்ணினார். அவ எதை மன்னிப்பா?”