கப்பலை ஒத்திவைத்த வானொலி

மே மாதம் பிறந்ததும் உமா மகேஸ்வரியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது: ‘விடுமுறையில் குழந்தைகளின் அறிவை வளர்க்க ஐம்பது வழிகள்.’ எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் அவருக்குப் பிள்ளை கிடையாது என்பது இரண்டாவது வழியிலேயே தெரிந்துவிட்டது. பச்சைப்பயறு முளைக்கப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோழி வந்து பரிசோதனையை முடித்து வைத்தது. வண்டூர் கடற்கரையில் சங்கும் சிப்பியும் பொறுக்கி வந்து வகை பிரித்தார்கள். அதில் நாலு சங்குக்குள் நண்டு குடியிருந்த விவரம், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவை ரசச் சட்டியைச் சுற்றி நடைபோட்ட பிறகுதான் தெரிந்தது.

உமா மகேஸ்வரி எடுத்த காரியத்தை விடுகிற ரகம் இல்லை. ஐம்பது வழிகளையும் ஓரமாக வைத்துவிட்டுத் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் தூரத்தில் இருக்கும் தீவில், டாலிகஞ்சில் அவர்கள் தெருவில் பதினோரு பிள்ளைகள். தங்களுக்குள் பேசுவதெல்லாம் ஹிந்தி. தமிழை அவர்கள் எழுத்துக்கூட்டி வாசித்தால் கேட்கிறவர்களுக்கு மூச்சு வாங்கும். ஆகவே தெருவுக்கென்று ஒரு வானொலி. கோயில் கமிட்டியில் கெஞ்சி ஒரு பழைய மைக்கும் ஒலிபெருக்கியும் வாங்கி மொட்டை மாடியில் கட்டினாள். தினமும் மாலை ஐந்து மணிக்குச் செய்திகள். பிள்ளைகளே சேகரித்து, எழுதி, வாசிக்க வேண்டும்.

தலைமைச் செய்தி வாசிப்பாளர் அவளுடைய மகள் சுகிர்தா, ஒன்பது வயது. செய்தி ஆசிரியர் எதிர்வீட்டு விஜயலட்சுமி, அவளும் ஒன்பது வயது. இரண்டு பேரும் பாலர் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டவர்கள். ஒருத்திக்குச் சளி பிடித்தால் மற்றவள் தும்முவாள்.

முதல் வாரம் யாரும் காது கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஒச்சம்மாவின் கோழி எத்தனை முட்டையிட்டது என்பதில் ஒச்சம்மாவைத் தவிர யாருக்கு அக்கறை? ஆனால் இரண்டாவது வாரம் பிள்ளைகள் தண்ணீர்ச் செய்தி சொல்லத் தொடங்கினார்கள். அங்கேதான் வானொலியின் தலையெழுத்து மாறியது.

கோடையில் மூன்று நாளுக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர். எந்த நேரத்தில் வரும் என்பது வால்வு திறக்கிற மகேஷ்குமாருக்கும் கடவுளுக்கும் மட்டுமே வெளிச்சம். அதை இந்தப் பொடிசுகள், ‘நாளை காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் வரும்’ என்று மைக்கில் சொன்னார்கள். ஆறரைக்கு வந்தது. அடுத்த முறை ஏழு என்றார்கள், ஏழுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஐந்து மணி ஆனால் தெருவில் மிக்சி ஓடாது, டிவி அலறாது. உமா மகேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் மகேஷ்குமாரிடம் நேரில் விசாரித்துச் செய்தி சேகரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டதோடு சரி, கேட்கவில்லை.

இந்த வானொலிக்குத் தெருவிலேயே பெரிய பக்தர் விஜயலட்சுமியின் அப்பா சொக்கலிங்கம். அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டுக்கு மாற்றல் கேட்டுப் பதினோரு வருஷமாக மனுப் போட்டவர். இந்த வருஷம் கிடைத்தேவிட்டது. திங்கட்கிழமை அங்கே வேலையில் சேர்ந்தாக வேண்டும். கப்பலே தாமதமானால் பொறுப்பார்கள்; தானாகத் தவறினால் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். வியாழக்கிழமை கப்பல் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை சென்னை. அதை விட்டால் அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து. மே மாத விமானத்தில் இடம் கேட்டால் சிரிப்பார்கள். வீடு முழுவதும் மூட்டை கட்டியாகிவிட்டது.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சுகிர்தா வழக்கம்போல் கணீரென்று வாசித்தாள். நாளை காலை எட்டரை மணிக்குத் தண்ணீர் வரும். நாளை புறப்பட வேண்டிய சென்னைக் கப்பல் சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. செய்திகள் முடிந்தன.

உமா மகேஸ்வரி கீழே அடுப்படியில் சொக்கலிங்கம் குடும்பத்தின் வழிச்சாப்பாட்டுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. அந்தத் தீவில் கப்பல் சொன்ன நாளில் புறப்பட்டால்தான் ஆச்சரியம்; தள்ளிப்போவதற்கு யார் வாயைப் பிளப்பார்கள்? புளியை எடுத்து வைத்துவிட்டு, சனிக்கிழமை கரைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். கைப்பேசிக்கு இரண்டு நாளாக நெட்வொர்க் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் நந்தகுமாரும் அன்று ராத்திரி ஷிப்டு. கேட்டுச் சொல்ல ஆளில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

வியாழன் காலை எட்டேகாலுக்கு நந்தகுமார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். எதிர்வீட்டு வாசலில் சொக்கலிங்கம் துண்டோடு உட்கார்ந்து உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நந்தகுமார் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு வீட்டுக்குள் வந்து மனைவியிடம், துறைமுகத்தில் கப்பலுக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்து அரைமணி ஆகிறது, பத்து மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள், இந்த மனுஷன் ஏன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டார்.

உமா மகேஸ்வரி ஓடிப்போய் எதிர்வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். சொக்கலிங்கம் அசையவே இல்லை.

“தங்கச்சி, ஆபீஸ்காரன் சொல்றத நான் நம்பமாட்டேன். நானே ஆபீஸ்காரன். பிள்ளைக சொன்னது இதுவரைக்கும் ஒரு நிமிஷம் தப்பிருக்கா?”

அவள் வளர்த்த நம்பிக்கை அவளையே வழிமறித்து உட்கார்ந்திருந்தது, எண்ணெய் வழிய. பிள்ளைகள் வந்து சொன்னால் நம்புகிறேன் என்றார். சுகிர்தாவையும் விஜயலட்சுமியையும் மாடியிலிருந்து இழுத்து வந்தாள். கப்பல் சனிக்கிழமை என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

“யாரும் சொல்லல. நாங்கதான் தள்ளி வச்சோம்” என்றாள் சுகிர்தா.

தள்ளி வைத்தீர்களா என்றாள் உமா மகேஸ்வரி.

“ஆமாம்மா. தண்ணி ஆறரைக்குன்னு சும்மாதான் சொன்னோம், வந்துச்சு. அப்புறம் ஏழுன்னு சொன்னோம், அப்பவும் வந்துச்சு. மைக்ல சொன்னா நடக்குது. அதான் சென்னை ஜஹாஜையும் சொன்னோம்.”

விஜயலட்சுமி தரையைப் பார்த்தபடி, “பத்து நாள்னு சொல்லலாம்னு நான் சொன்னேன். இவதான் அப்பா பாவம், ரெண்டு நாள் போதும்னா” என்றாள்.

அந்த நேரம் பார்த்து, வால்வு திருகும் ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மகேஷ்குமார் தெருமுனையில் வந்தான். உமா மகேஸ்வரி அவனைப் பிடித்து, பிள்ளைகளிடம் நேரத்தைச் சொல்வது நீதானே என்று கேட்டாள். ஆமென்று சொல்லிவிடேன் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

“நஹி பாபி. ரேடியோ சொல்ற டைம்ல நான் திறக்கறேன். முன்னாடி எப்பத் திறந்தாலும் திட்டு விழும். இப்ப எல்லாரும் பால்டி, குடத்தோட லைன்ல ரெடி. ஜக்டா, சண்டையே இல்ல. ரொம்ப அச்சா இருக்கு.”

சொக்கலிங்கத்துக்கு விஷயம் மெதுவாக இறங்கியது. இறங்கியதும் அவர் எழுந்த வேகத்தில் எண்ணெய்க் கிண்ணம் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. அதைவிடப் பெரிய செய்தி உள்ளேயிருந்து வந்தது. எட்டரைக்குத் தண்ணீர் வருகிறதே என்று அவர் மனைவி சுதா, மூட்டையைப் பிரித்து, இருந்த துணி அத்தனையையும் சோப்புப் பொடியில் ஊறப்போட்டிருந்தாள். திங்கட்கிழமை அவர் போட்டுக்கொண்டு போய் வேலையில் சேர வேண்டிய சட்டையும் அதிலேதான் இருந்தது.

பிறகு நடந்ததை யாரும் வரிசையாகச் சொல்ல முடியாது. நந்தகுமார் கேட்டில் கெஞ்சுவதற்கு ஸ்கூட்டரில் முன்னால் பறந்தார். உமா மகேஸ்வரியும் சுதாவும் நுரையோடு துணிகளைப் பிழியாமல் பிளாஸ்டிக் டிரம்மில் அமுக்கினார்கள். இரண்டு ஆட்டோ வந்தது. மகேஷ்குமார் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்து பெட்டி தூக்கினான். வழியெல்லாம் ஆட்டோவிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. கேட்டில் பத்து மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. டிக்கெட்டைச் சரிபார்த்தவர், எண்ணெய் மினுங்கும் அந்தத் தலையை டிக்கெட்டோடு இருந்த அடையாள அட்டைப் படத்துடன் மூன்று தடவை ஒத்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். சொக்கலிங்கம் கப்பல் ஏறிவிட்டார்.

ஏறுகிற அவசரத்தில் இரண்டு பிள்ளைகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. விஜயலட்சுமியின் கையில் டிரம்மின் ஒரு காது இருந்தது. இன்னொரு கையைச் சுதா இழுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்க வாய்ப்பில்லை. சுகிர்தா கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் உமா மகேஸ்வரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மகளைத் திட்டித் தீர்த்தாள். ஒரு மனுஷனின் பதினோரு வருஷக் காத்திருப்பு போயிருக்கும் என்றாள். மைக்கில் சொன்னால் எதுவும் நடந்துவிடாது, நடந்ததைத்தான் மைக்கில் சொல்ல வேண்டும் என்றாள். சொல்லும்போதே தன்மேலும் கோபம் வந்தது. விசாரிக்காமல் பூரித்துப் போனது யார்? மாலை மறுப்புச் செய்தியை நீயே வாசிக்க வேண்டும் என்று சொல்லித் தானே எழுதிக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்குத் தெருவே வாசலில் வந்து நின்றது. சுகிர்தா வாசித்தாள். கப்பல் பற்றி நேற்று சொன்னது பொய்ச் செய்தி. தண்ணீர் நேரங்களும் பிள்ளைகள் தாங்களாகச் சொன்னவை. வானொலி வருத்தம் தெரிவிக்கிறது. எங்கும் தடுக்கவில்லை, ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை. தன் திட்டம் பலித்துவிட்டது என்று உமா மகேஸ்வரி நினைத்தாள். அதில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. ஒலிபெருக்கியை அணைக்க ஸ்விட்சில் கை வைத்தாள்.

சுகிர்தா காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் மைக்கை விட்டு நகரவில்லை.

“விஜயலட்சுமி அடுத்த லீவுக்கு டாலிகஞ்சுக்கு வருவாள்” என்று அதே செய்திக் குரலில் சொன்னாள். “வந்து எங்கள் வீட்டில் தங்குவாள். செய்திகள் முடிந்தன.”

காலையிலிருந்து தொண்டை கிழியச் சொன்ன பாடம் இவ்வளவுதானா என்று கோபப்பட வேண்டிய இடம். உமா மகேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவ வாசிடி” என்றாள். “பின்தெருவுக்குச் சரியாக் கேட்டிருக்காது.”