பாதி வழித்த தலை

"பின்னலை அவிழ்" என்றாள் வெங்கடம்மா.

பார்வதம்மா அசையவில்லை. கிணற்றடியில் இருந்த துவைகல்லின்மேல் அவளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை முன்பக்கம் இழுத்து, இரு கைகளாலும் மார்போடு சேர்த்துப் பற்றிக்கொண்டிருந்தாள். வெங்கடம்மா குனிந்து அந்த விரல்களைப் பிரிக்கலானாள். பிரித்த விரல் ஒவ்வொன்றும் மீண்டும் மடங்கியது.

அன்று பத்தாம் நாள். மேஸ்திரி தாமோதரனின் ஒரே மகனைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. மருமகள் பார்வதம்மா அந்த வீட்டுக்கு வந்து இரண்டு தீபாவளி கூட முழுதாகக் கழியவில்லை. மடியில் குழந்தையும் இல்லை. கருமம் முடிவதற்குள் அவள் தலையை மழித்துவிட வேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை.

அவன் சாதியில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வெங்கடம்மா மேஸ்திரியின் தமக்கை. அவளும் கணவனை இழந்தவள்தான். அவளுடைய நரைத்த கொண்டை பிடரியில் அப்படியே இருந்தது. அவள் தாலியறுத்த காலத்தில் தாமோதரன் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த வெறுங்கூலி. மருமகள் தாலியறுத்த காலத்திலோ, தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் மூன்று லைன்களின் வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்களை எல்லாம் சுரங்கத்துக்கு அனுப்பும் பெரிய மேஸ்திரி. பௌரிங்பேட்டையிலும் வேலூரிலும் அவன் கண்ட பெரிய வீடுகளில் விதவைகள் மொட்டைத் தலையோடு இருந்தார்கள். தன் வீடும் பெரிய வீடு என்பதை ஊருக்குக் காட்ட அவனுக்கு ஒரு தலை தேவைப்பட்டது.

மேஸ்திரி என்பது தொழிலால் வந்த பெயர். ஆயினும் பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்ததைப் போல அதை அவன் அணிந்திருந்தான். அவன் கதவுக்கும், காளைகளுக்கும், தெருமுனைக்கும் அந்தப் பெயரே வழங்கியது.

தொழிலால் பெயர் பெற்ற இன்னொருவனும் அப்போது அந்தக் கிணற்றடியில் இருந்தான். அவன் காத்தவராயன், சாணைக்கல்லில் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். முகம் மழிக்க வந்தால் அவன் அம்பட்டன். சாவு வீட்டில் சங்கு ஊத வந்தால் குடிமகன். சுரங்கத்தில் கல் விழுந்து கிழிந்த தோளுக்குப் பச்சிலை வைத்துக் கட்ட வந்தால் பண்டிதர். துரைமார் பங்களாவின் பின்வாசலில் பார்பர். அவன் மனைவி தாயம்மாவை, இடுப்புவலி கண்ட வீட்டார் மருத்துவச்சியம்மா என்று ஓடிவந்து அழைப்பார்கள். குழந்தை அழுத மறுகணமே அவள் அம்பட்டச்சி ஆகிவிடுவாள். அம்பட்டன் என்னும் சொல்லுக்கு 'அருகில் நிற்பவன்' என்று வடமொழி கொண்டு பொருள் கூறும் கற்றவர்கள் உண்டு. தெருவோ அந்தப் பெயருடையவனை 'எட்டி நில்' என்றது. எந்தப் பெயர் எந்த வேளையில் விழும் என்பதை அழைப்பவனுடைய தேவையே முடிவு செய்தது.

அந்தப் பெயர்களுள் ஒன்று, காத்தவராயனின் நெஞ்சில் மூன்றாண்டுகளாகச் சீழ்க்கட்டியாய் இருந்தது.

அவன் ஒரே மகளின் கல்யாணத்தன்று முகூர்த்த வேளையில் மேஸ்திரி வீட்டு ஆள் வந்து, மேஸ்திரிக்கு உடனே சவரம் ஆக வேண்டும் என்றான். தாலி கட்டும் நேரமாயிற்றே, மைத்துனன் ராஜப்பாவை அனுப்புகிறேன் என்று காத்தவராயன் பணிந்து சொல்லி அனுப்பினான். சிறிது நேரத்தில் மேஸ்திரியே பந்தல் வாசலில் வந்து நின்றான்.

"அம்பட்டா, உனக்குப் பந்தல்ல இன்னாடா வேலை? வெளிய வந்து என் மூஞ்சிய வழி."

சம்பந்தி வீட்டார் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். காத்தவராயன் வந்தான். பந்தலுக்கு வெளியே மேஸ்திரியை நாற்காலியில் இருத்தி, ஒரு கன்னத்தை மழித்துக்கொண்டிருந்தபோது உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவன் காதால் கேட்டான், கண்ணால் காணவில்லை.

மேஸ்திரிக்கு அதுவும் போதவில்லை. காத்தவராயன் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்ப நினைத்ததே குற்றம் என்று மாரியம்மன் கோயில் முன்பு பஞ்சாயத்தைக் கூட்டினான். ஒரு குடிமகனுக்கு உரிய வீட்டில், அவனே விட்டுக்கொடுத்தாலன்றி, இன்னொருவன் கத்தி வைக்கலாகாது; வைத்தவனுக்கு லைனில் இடமில்லை, ஆத்தாளின் அருளும் இல்லை. இப்படித் தீர்ப்புச் சொல்லி, தங்கவயலின் சவரத் தொழிலாளர் அனைவரையும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தான். அந்தத் தீர்ப்பைத் தன் மதிநுட்பத்துக்குச் சான்றாகப் பல இடங்களில் சொல்லியும் மகிழ்ந்தான்.

பத்தாம் நாளன்று விடிந்ததும் தாயம்மா அந்த வீட்டுக் கொல்லைக்குப் போயிருந்தாள். பார்வதம்மா அடுப்படிப் புகைக்குள்ளிருந்து எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பூதிகோட்டையிலிருந்து எங்கப்பா வண்டி கட்டிகினு வராரு. ஆனா மேஸ்திரி எதிர்ல அவருக்கு வாய் வராது. உங்க வூட்டுக்காரர் கை வெச்சுட்டா அப்புறம் நான் எங்கயும் போவ முடியாது. மொட்டத்தலையோட இங்கியே சாணி தட்டிகினு கெடக்க வேண்டியதுதான்."

தாயம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள். காத்தவராயன் சாணைக்கல்லை எடுத்துப் பையில் வைத்தான். அவன் மனத்தில் இரக்கம் எழவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதலில் எழுந்தது இரக்கமும் அன்று. சிறிது நேரம் கழித்து, சட்டிபானைகளை மூட்டை கட்டிவைக்கும்படி மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுக் கத்திப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

மகனுக்குப் பிள்ளையில்லாமையால் தகப்பனே கருமம் செய்ய வேண்டியதாயிற்று. கருமம் செய்பவன் தலைதான் முதலில். விதவையின் தலை அதன் பின்னர். மேஸ்திரி கிணற்றடியில் மணைமீது உட்கார்ந்தான். உறவினரும் லைன் பெரியவர்களும் சுற்றி நின்றார்கள். சுரங்கத்தில் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர்கள், முகத்துப் புழுதியோடு வேலிக்கு அப்பால் கூடியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கியபடி பார்வதம்மாவின் தகப்பன் நின்றிருந்தார்.

காத்தவராயன் தண்ணீர் தொட்டுத் தடவினான். நெற்றி உச்சியிலிருந்து பிடரி வரையில் இடப்பக்கத்தை வழித்தான். மீசையின் இடப்பாதியையும் எடுத்தான். ஒரு கீறலும் இல்லை. பிறகு கத்தியைத் துடைத்தான், மடக்கினான், பைக்குள் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினான்.

"இன்னாடா, நிறுத்திட்ட?" என்றான் மேஸ்திரி.

"அவ்ளோதான் மேஸ்திரி."

"மீதி?"

"அந்தப் பொண்ணு தலைமுடியோட அவ அப்பன் வண்டியில ஏறட்டும். மீதி அதுக்கப்புறம்."

மேஸ்திரியின் கை அவனை அடிக்க ஓங்கியது. பாதி வழியில் தன் தலையையே தடவிப் பார்த்தது. வேலிக்கு அப்பாலிருந்து ஒருவன், "இன்னிக்கு அஷ்டமியா? நெலா பாதிதான் கீது" என்றான். சாவு வீடு என்பதையும் மறந்து சிலர் சிரித்துவிட்டார்கள்.

மேஸ்திரி ஆள் அனுப்பி ராஜப்பாவை வரவழைத்தான். ராஜப்பா வந்தான், அந்தத் தலையைப் பார்த்தான், பையைத் திறவாமலே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இது கற்பூரம் அணைச்ச கை, மேஸ்திரி. நீங்கதான் அணைக்க வெச்சீங்க."

"நானே சொல்றேன், வழிடா."

"நீங்க சொன்னா நான் கேப்பேன். ஆத்தா கேக்கணுமே."

வேறு இருவரை அழைத்துவரப் போனவர்களும் இதே விடையோடு திரும்பினார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்கு முன் ஏரிக்கரையில் பிண்டம் கரைக்க வேண்டும். பாதித் தலையோடு கரைத்தால் அது செத்தவனுக்குச் சேராது என்று கருமம் செய்விக்க வந்தவர் கையை விரித்துவிட்டார். அந்தக் கல்யாணப் பந்தலிலும் இருந்து, பஞ்சாயத்தில் மேஸ்திரிக்குப் பக்கத்திலும் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் காத்தவராயனை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"காத்தவராயா, சாவு வூட்ல வஞ்சம் தீக்கலாமா?"

"கல்யாண வூட்ல தீத்தாங்களே, பெரியவரே. அப்போ நீங்க வெத்தல போட்டுகினு இருந்தீங்க."



அப்போது பார்வதம்மா துவைகல்லிலிருந்து எழுந்தாள். அவளை யாரும் எழச் சொல்லவில்லை. அவள் கிணற்றடியைக் கடந்து, வெங்கடம்மாவைக் கடந்து, வேலிப்படலை நோக்கி நடந்தாள். தடுப்பதற்காக நீண்ட வெங்கடம்மாவின் கை பாதியில் நின்று, பிடரிக்குப் போய்த் தன் கொண்டையைத் தொட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. படலருகில் பார்வதம்மா திரும்பி மாமனார் முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"போவட்டும். தொலையட்டும்" என்றான் மேஸ்திரி.

வண்டி தெருமுனை திரும்பும்வரை காத்தவராயன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பின்னர் மேஸ்திரி, தன் வாயால் என்றும் சொல்லியறியாத ஒரு சொல்லைத் தேடி எடுத்தான்.

"பண்டிதரே, வாங்க. நேரம் ஆவுது."

"அந்தப் பேரு வேணாம் மேஸ்திரி. புண்ணு வந்தா கூப்பிடற பேரு அது. பந்தல் வாசல்ல கூப்பிட்டீங்களே, அந்தப் பேரால கூப்பிடுங்க. அன்னிக்கு அத்தக் கேட்டவங்கள்ல பாதிப்பேரு இங்கதான் கீறாங்க."

மேஸ்திரியின் உதடுகள் அசைந்தன. மீசையுள்ள பாதியும் மீசையற்ற பாதியும் வெவ்வேறாகத் துடித்தன.

"அம்பட்டா, வா."

"எதுக்குன்னு சொல்லலியே."

"வந்து... என் மூஞ்சிய வழி."

அதே சொற்கள்தாம். அன்று எச்சிலாக வந்து விழுந்தவை இன்று பிச்சையாக வந்தன. காத்தவராயன் பையின் நாடாவை அவிழ்த்தான். மீதித் தலையையும் மீசையையும் முன்போலவே ஒரு கீறலுமின்றி வழித்து முடித்தான். பிறகு கைகழுவிக்கொண்டு எழுந்தான்.

அந்திக்குள் லைன் வீட்டைக் காலி செய்துவிடும்படி மேஸ்திரி சொன்னான். மூட்டை காலையிலேயே கட்டியாயிற்று என்றான் காத்தவராயன். "ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. நான் எங்க போனாலும் உங்க வூட்டுக் குடிமகன் நான்தான். இன்னும் விட்டுக்குடுக்கல."

அதன் பொருள் மேஸ்திரிக்கு விளங்க ஒரு வாரம் ஆயிற்று. முகத்தில் முள் முளைத்தபோது ராஜப்பாவுக்கு ஆள் போனது. காத்தவராயன் விட்டுக்கொடுத்தானா என்று அவன் கேட்டான். இல்லையென்றதும் மரியாதையாகக் கும்பிட்டு விடைகொடுத்தான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மேஸ்திரி பௌரிங்பேட்டைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தான். பாதித் தலையின் கதை அவனுக்கு முன்பே ரயிலேறிப் போயிருந்தது. தன் முகத்தைத் தானே வழித்துக்கொண்டால், அம்பட்டன் வேலை பார்த்தான் என்ற பெயர் வரும். அந்தப் பெயரின் எடையை அவனைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

தலையில் முடி வளர்ந்து மூடிவிட்டது. ஆனால் தெருவின் வாயை எதுவும் மூடவில்லை. மேஸ்திரி வீடு என்றிருந்தது அரைமொட்டை வீடு ஆயிற்று. வேலூரிலிருந்து புதிதாக வரும் கூலிகளுக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டினார்கள். பூதிகோட்டையில் பார்வதம்மா தகப்பனின் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருப்பதாகவும், தாயம்மா அந்தப் பக்கம் பிரசவம் பார்க்கப் போனால் அவள் கையால் தலை பின்னிவிடச் சொல்லுவதாகவும் லைனில் பேச்சு உலவியது.

தாடி மார்பை எட்டியபோது, சுரங்கத்துத் துரை மேஸ்திரியின் மோவாயைப் பிரம்பால் சுட்டி, ஆள் கொண்டுவருகிறவன் சாமியாரைப் போல வந்து நிற்கலாகாது என்று எச்சரித்தான்.

சம்பளம் போட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தைக்குப் போகும் சாலையோரப் புங்கமரத்தடிக்கு மேஸ்திரி நடந்து வந்தான். அங்கே கல்லின்மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக் காத்தவராயன் கடை விரித்திருந்தான். மரவேலைக்காரன், பாறைக்குத் துளை போடுகிறவன், கக்கூஸ் கூட்டுகிறவன் என்று எல்லாச் சாதிக்காரரும் வந்த வரிசைப்படி மண்ணில் குந்தியிருந்தார்கள். மேஸ்திரியைக் கண்டதும் வழக்கத்தால் ஒருவன் எழப்போனான். பக்கத்திலிருந்தவன் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

காத்தவராயன் நிமிர்ந்து பார்த்தான். கத்தி நிற்கவில்லை.

"வாங்க மேஸ்திரி" என்றான். "கொஞ்சம் எட்டி நில்லுங்க. உங்களுக்கு முன்னால வந்தவங்க கீறாங்க."

மேஸ்திரி பின்வாங்கி, வெயிலில் எட்டி நின்றான்.