போனில் வளர்த்த நாய்

பதினோரு வருடமாக எனக்கு எட்டு வாரம் ஜெர்மனி, நாலு வாரம் வீடு. காஸல் நகரத்தில் கோலர் அம்மாள் என்ற கிழவியைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கட்டிலில் புரட்டிப் போட்டு என் இடுப்பு போயே போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. வேன் என்னை எங்கள் ஊரான ஓபோலேயில் குடியிருப்பு வாசலில் இறக்கிவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி மணி அடித்தால், என் புருஷன் லெஷெக் கதவைத் திறந்து, "வந்துட்டியா" என்பான். அப்புறம் டிவிக்குத் திரும்பிப் போய்விடுவான். கெட்டவன் இல்லை, அவன் வாய் அவ்வளவுதான். நான் வந்தால் சந்தோஷப்பட இந்த வீட்டில் ஓர் உயிராவது வேண்டும் என்று எனக்கு ஐம்பத்தேழு வயதில் ஆசை வந்தது.

கைவிட்ட நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அமைப்பில் சிவாவா என்ற குட்டை இன நாய் ஒன்று இருந்தது. ஐந்து வயதுப் பெண் நாய், குட்டி போடவைத்து விற்பதற்கென்றே முன்பு யாரோ கூண்டில் அடைத்து வைத்திருந்தார்களாம். பாதிப் பல் இல்லை, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கும், எடை இரண்டு கிலோ சொச்சம். அமைப்பிலிருந்து வந்த பெண் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைக்கூட அளந்து பார்த்தாள், எனக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. எல்லாம் முடிந்து நாய் கைக்கு வந்தபோது நான் கிளம்ப இரண்டே நாள் பாக்கி. அந்த இரண்டு நாளும் அது குளியல் தொட்டிக்குப் பின்னாலேயே கிடந்தது. சூப்பில் போடும் மாவுருண்டையின் பெயரை அதற்கு வைத்தேன், க்ளுஸ்கா.

லெஷெக்கிடம் விட்டால் தன் தட்டிலிருந்து சாசேஜை ஊட்டியே அதைக் கொன்றுவிடுவான் என்று எனக்குத் தெரியும். அதனால் ஜெர்மனியில் இருந்துகொண்டே பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கோலர் அம்மாளைப் படுக்கவைத்துவிட்டுத் தினமும் ஏழு மணிக்கு வீடியோ காலில் கூப்பிடுவேன். அவன் போனைத் தரையில் நாற்காலிக் காலில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவான். முதலில் பாடம் அவனுக்குத்தான். கழுத்துப் பட்டை கூடாது, மூச்சுக்குழல் நசுங்கும், மார்பு வார்தான் போட வேண்டும். நாலு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு வை, இந்த அளவு நாய் பட்டினி கிடந்தால் மயங்கி விழும். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே இறக்காதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால்கனிக் கதவோரம் போட்டிருக்கும் விரிப்பில் கொண்டுபோய் விடு. எல்லாவற்றுக்கும் ம், ம் என்பான். அது முதன்முதலாக விரிப்பில் மூத்திரம் போன அன்று அவனே என்னைக் கூப்பிட்டான். நான் போட்ட கூச்சலில் குளித்துக்கொண்டிருந்த கோலர் அம்மாள் நடுங்கிப்போனாள்.

பிறகு நாய்க்குப் பாடம். நான் போனில் "உட்கார்" என்பேன். உட்கார்ந்தால் லெஷெக் நகத்தளவு வேகவைத்த கோழி கொடுப்பான். பன்னிரண்டு நாள் காதை மட்டும் ஆட்டியது. பதின்மூன்றாம் நாள் உட்கார்ந்தது. நான் அந்தக் கிழவியின் அடுக்களையில் நின்று அழுதேன். எட்டு வாரம் முடிவதற்குள் உட்கார், வா, இரு என்ற மூன்றும் வந்துவிட்டன. "உன் குரல் கேட்டா எங்க இருந்தாலும் ஓடி வருது" என்றான் லெஷெக். அவனுக்கு அதுவே பெரிய சொற்பொழிவு. வேனில் பதிமூன்று மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கதவு திறந்தது. க்ளுஸ்கா ஓடித்தான் வந்தது. என்னைப் பார்த்ததும் அலறியது, என் காலுறையைக் கடித்துக் கிழித்துவிட்டு சோபாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

சரி, பயம், ரெண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் போயிற்று. அதன் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி, இந்த இடுப்போடு தரையில் உட்கார்ந்து வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் துண்டு துண்டாக உருட்டிவிட்டேன். தின்னும், திரும்பி ஓடும். "உட்கார்" என்றால் லெஷெக்கின் மடியில் இருந்துகொண்டு என்னைப் பார்த்து உறுமும். பக்கத்து வீட்டு ப்ரோன்கா வேறு, "நீ இல்லாதப்ப சுவருக்கு அந்தப் பக்கம் உன் புருஷன் கொஞ்சுற சத்தம் கேட்டுச்சுடி, எவளோன்னு நெனச்சேன், நாயாம்ல" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். தேடிப் பிடித்தது நான், பழக்கியது நான், மடி மட்டும் அவனுடையதா? எரிச்சலாக இருந்தது. எரிச்சல்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. வந்த நாலு வாரமும் யாருக்கும் வேண்டாத விருந்தாளியாக அந்த வீட்டில் சமைத்தேன், துவைத்தேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை. பெட்டி கட்டியாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டை அன்று சீக்கிரமே முடித்துவிட்டதால், வழக்கமாக அந்த நேரத்தில் அடுக்களையில் நிற்கிற நான் கூடத்தில் இருந்தேன். சோபாவின் அடியிலிருந்து க்ளுஸ்கா வெளியே வந்தது. நாற்காலிக் காலுக்கு முன்னால் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை. அது பார்த்துக்கொண்டே இருந்தது.

என்ன பண்ணுகிறது என்று லெஷெக்கைக் கேட்டேன்.

"ஏழு மணி ஆச்சுல்ல" என்றான். "நீ வந்ததுல இருந்து தினமும் இப்படித்தான். போன் வரலையேன்னு உட்கார்ந்திருக்கும். அப்புறம் போய்ப் படுத்துக்கும்."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அது தினமும் எனக்காகத்தான் காத்திருந்திருக்கிறது, நான் பத்தடி தூரத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எழுந்து அடுக்களைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். அவன் நம்பருக்கு வீடியோ காலில் கூப்பிட்டேன்.

திரை முழுக்க ஈர மூக்கு. பிறகு அந்தத் தொங்கும் நாக்கு. நக்கு நக்கு என்று நக்கியது. வால் ஆடிய ஆட்டத்தில் பின்பக்கமே ஆடியது. "க்ளுஸ்கா, உட்கார்" என்றேன். உட்கார்ந்தது. இந்தச் சந்தோஷத்துக்குத்தானே ஆசைப்பட்டேன், இதோ கிடைத்துவிட்டது, கதவைத் திறந்தால் ஓடிவிடும். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

லெஷெக் முட்டியைப் பிடித்தபடி மெல்லத் தரையில் இறங்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முகமும் திரைக்குள் வந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

அரை மணி முன்னால் அவனுக்குப் பரிமாறியதே நான்தான். இருந்தாலும் சாப்பிட்டேன் என்றேன். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான், சொன்னேன். பிறகு அவனாகவே பேச ஆரம்பித்தான். பிப்ரவரியில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டானாம். மருத்துவர் மாத்திரை கொடுத்தாராம். நான் ஜெர்மனியில் இருக்கும்போது தினமும் என் போனுக்காக ஆறரை மணிக்கே நாற்காலியை நகர்த்தி வைத்துவிடுவானாம். நாலு வாரம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்தோம், இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாவி.

"லெஷெக், நான் அடுக்களையிலதான் இருக்கேன்" என்றேன். "கதவைத் திறந்தா போதும்."

"தெரியும்" என்றான். "போனை வெச்சிடாத."