பேசுகிறான் என்று எழுதியிருக்கிறது

பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தப் பையனின் சிறப்புக் கல்வித் திட்டத்தை, அவன் அம்மாவோடு நடக்கும் கூட்டத்துக்குச் சற்று முன்னால்தான் என் கையில் திணித்தார்கள். எப்போதும் இதே கூத்துதான். மொழிபெயர்ப்பாளர் என்றால் சாவி கொடுத்த பொம்மை என்று நினைப்பு.

மூன்றாம் பக்கத்தில் தூக்கிவாரிப் போட்டது. "தண்ணீர், போதும், தங்கச்சி என்று தெளிவாகச் சொல்கிறான். இலக்கு நிறைவேறியது. பேச்சுப் பயிற்சி இனித் தேவையில்லை." போன வாரம் வேறொரு பிள்ளைக்காக இதே வரிகளை மொழிபெயர்த்தவள் நான். அந்தப் பிள்ளைக்குத் தங்கச்சி உண்டு. இவனைப் போன வருடக் கூட்டத்திலிருந்தே எனக்குத் தெரியும்; கூடப்பிறந்தவர் யாருமில்லை, வாயிலிருந்து இதுவரை ஒரு சொல் வந்ததுமில்லை. அந்தத் திட்டத்தில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

ஒருங்கிணைப்பாளரிடம் போய்க் காட்டினேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பயிற்சி ஆசிரியை வேலையை விட்டுப் போய்விட்டாராம், வேறு ஆள் இல்லையாம், அடுத்த வருடம் பார்க்கலாமாம். எழுதியிருப்பதை மொழிபெயர்ப்பதுதான் உங்கள் வேலை என்றார்.

கூட்ட அறையில் பையனின் அம்மாவுக்குப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிதான் கிடைத்தது. வேலையிலிருந்து சீருடையோடு ஓடி வந்திருந்தாள். பையன் அவள் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். நான் தமிழில் வாசித்துக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் அவள் நிமிர்ந்தாள்.

"பேசுறானாக்கா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"தங்கச்சின்னா சொல்றான்? மாடி வீட்டுப் பாப்பாவைத்தான் சொல்றான். அதையே பாத்துக்கிட்டு நிப்பான்." அவன் தலையைக் கோதிவிட்டாள். "திருட்டுப் பயலே, அம்மாகிட்ட மட்டும் வாயைத் திறக்க மாட்டியா?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"இது உங்க பையனைப் பத்தி எழுதினது இல்லம்மா. வேற பிள்ளையோடது. கையெழுத்துப் போட்டா பேச்சுப் பயிற்சியை நிறுத்திடுவாங்க. போடாதீங்க."

என்ன சொல்கிறீர்கள் என்று தமிழ் தெரியாத ஒருங்கிணைப்பாளர் என்னைக் கேட்டார். நான் திரும்பவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காக்கா?"

"ரெண்டு பேர்."

"பேசுவாங்களா?"

"பேசுவாங்க."

"அப்ப என் பிள்ளை பேசினா மட்டும் உங்களுக்கு ஏன் பொறுக்கல?"

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, ஒருங்கிணைப்பாளர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். பிறகு பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"என் பிள்ளையைப் பேச வச்சதுக்கு ரொம்ப நன்றின்னு அவங்ககிட்ட சொல்லுங்க. இதையாவது மாத்தாம சொல்லுங்க."

சொன்னேன்.