தண்ணியில்லா அருவிக்கு மேலே

எங்கள் பாலைவன மலைகளில் நடப்பதென்றால் ஜனவரியில் நடக்க வேண்டும். கோடையில் போனால் ஆள் கருவாடுதான். அதனால் வருஷம் தவறாமல் குளிர்காலத்தில் நானும் என் புருஷன் ஆர்லனும் ஹேகர்ட்டி மலையிடுக்கு வழியாக ஏறி, மேலே கைவிடப்பட்டுக் கிடக்கிற பழைய வெள்ளிச் சுரங்கத்தின் வாசலில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருவோம். உள்ளே நுழையமாட்டோம். முட்டுக்கொடுத்த மரமெல்லாம் உளுத்துப்போய் நிற்கிறது, யாருக்கு வேண்டும் அந்த வீரம்?

இந்த வருஷம் அந்தக் காப்பியை நம்பித்தான் என் வாழ்க்கையே தொங்கியது. போன வசந்தத்தில் ஆர்லனுக்கு நெஞ்சில் ஆபரேஷன். டாக்டர், ஓடு, ஆடு, என்ன வேண்டுமானாலும் செய் என்று சொல்லிவிட்டார். மனுஷனுக்குத்தான் தைரியம் போய்விட்டது. "சுரங்கம் வரைக்கும் ஏறிட்டேன்னா இங்கேயே இருப்போம். முடியலைன்னா வீட்டை வித்துட்டு ஃபீனிக்ஸ்ல ஜோலீனோட போய் இருந்துடலாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டான். ஜோலீன் எங்கள் மகள், தங்கமான பெண். ஆனால் அவள் குடியிருப்பில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரியும். அங்கே அடைத்துவைத்தால் நான் செத்தே போவேன்.

ஏறப் போன அன்றைக்குச் சரளைக்கல் பாதையில் நன்றாகவே நடந்து வந்தான். வழியில் நின்ற காட்டுக் கழுதைகளுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்து, "உன் சொந்தக்காரங்க, பேசிட்டு வா" என்றான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் தண்ணியில்லா அருவி வந்தது.

எப்போதாவது மழை கொட்டினால்தான் அது அருவி. மற்ற நாளெல்லாம் இரண்டாள் உயரத்துக்கு வழுவழுவென்று வெறும் பாறை. கால் வைக்கக் குழிகள் உண்டு. ஆர்லன் பாறையைத் தொட்டுப் பார்த்தான், கையை உதறினான், கீழேயே உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

"இவ்வளவுதான் நம்மால. நீ போய்ட்டு வா."

"எழுந்திருடா கிழவா. கண்ணை மூடிட்டே ஏறுவியே!"

"அது அப்போ."

நான் விறுவிறுவென்று ஏறினேன். மேலேயிருந்து, "ஆர்லன், மலையாடு! குட்டியோட நிக்குது, சீக்கிரம் வா!" என்று கத்தினேன். ஆடும் இல்லை, மாடும் இல்லை.

"நான் கேட்டதாச் சொல்லு" என்றான்.

"முழங்கால் பிடிச்சுக்கிச்சுடா!"

"நல்லாத் தேய்ச்சு விடு."

எரிச்சலில் கண் மண் தெரியாமல் விருட்டென்று திரும்பினேன். இரண்டு பாறைக்கு நடுவே இடது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. பூட்ஸ் உள்ளே ஆப்பு அடித்த மாதிரி மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. குனிந்து லேஸை அவிழ்க்கலாமென்றால் வயிறு தடுக்கிறது.

"ஆர்லன்! கால் மாட்டிக்கிச்சு! நிஜமா!"

"கழுதையைக் கூப்பிடு, இழுத்துவிடும்."

"சத்தியமாடா!"

"நடிப்பு பிரமாதம், கிளெட்டா."

புலி வருது கதையாகிவிட்டது என் கதை. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். அவன் கீழே சாவகாசமாக மென்றுகொண்டிருந்தான். எனக்கு வந்ததே கோபம்! போடா, உன்னோடு பேச்சே கிடையாது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். பாறைமேல் நிழல் ஏற, குளிர் எலும்பைக் குடைந்தது.

"கிளெட்டா?"

நான் பேசவில்லை.

"ஏய், கிளெட்டா? விளையாடாதே!"

பேசவே மாட்டேன்.

அப்புறம் பூட்ஸ் பாறையில் உரசும் சத்தம். ஒரு கெட்ட வார்த்தை. மறுபடியும் உரசல். விளிம்பில் முதலில் தொப்பி வந்தது, அடுத்து வெளிறிப்போன அவன் முகம்.

"அடிப்பாவி, உயிரோடதான் இருக்கியா! வாயைத் திறக்க என்ன கேடு?"

"கத்தினப்ப வந்தியா நீ?"

"நீ கத்துறதுக்கெல்லாம் பயப்பட முடியுமா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கத்திட்டுதானே இருக்கே. நிறுத்தினே பாரு, ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் குப்புறப் படுத்து இடுக்குக்குள் கையை விட்டு லேஸை அவிழ்த்தான். கால் வெளியே வந்ததும் பூட்ஸைக் கைத்தடியால் நெம்பி எடுத்தான். அதற்குள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டான். நான் மட்டும் விடுவேனா? திட்டிக்கொண்டே நடந்தோம். சுரங்க வாசல் வந்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது.

ஆர்லன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். "ஓடிட்டுதான் இருக்கு" என்றான் ஆச்சரியமாக.

பழைய சுரங்க வண்டியின் துருப்பிடித்த தண்டவாளத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். வெயில் மடியில் இதமாக விழுந்தது. ஃபீனிக்ஸ் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்து, வேண்டாத பதில் வந்துவிட்டால்? அவன் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"பாவம் ஜோலீன்."

"ஏன்?"

"நமக்குன்னு அந்த அறைக்கு மஞ்சப் பெயின்ட் எல்லாம் அடிச்சு வெச்சிருக்கா. இனி அதுல யாரைக் குடிவெப்பா?"